'தட்டு' என்று கூப்பிட்டவர்கள் கூடும் நாள்: போவதா, வேண்டாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். 2000ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தீர்கள். வரும் மே மாதம் உங்கள் ஆண்டு மாணவர்கள் அதே பள்ளியில் கூடுகிறார்கள். தலைக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். நீங்கள் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களில் பலர் பொறியாளர்கள், இரண்டு பேர் மருத்துவர்கள், ஏழெட்டுப் பேர் வெளிநாட்டில். பத்தாம் வகுப்பு வரை சத்துணவுக்காக வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டுவந்ததால் உங்களுக்குத் 'தட்டு' என்று பெயர் வைத்தார்கள். குழுவில் சேர்த்த அன்றே "வாடா தட்டு" என்று வரவேற்றவர்தான் இப்போது ஏற்பாடுகளை முன்னின்று செய்கிறார். "போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனால் இத்தனை வருடம் கழித்தும் தட்டாகத்தான் நிற்க வேண்டும். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாலும், மூன்று முறை படித்தபோது அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பது தெரிந்தது. வேலையையும் வருமானத்தையும் வைத்து என்னை எடை போடுவார்களா என்பது ஒன்று. பதினைந்து வயதில் ஒட்டவைத்த பெயரை நாற்பதைத் தாண்டியும் சுமக்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவது பயம், உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிற பயம் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது காயம், அதைச் சிறிதாக்கிப் பேச எனக்கு உரிமை கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துகொண்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சொல்வது யார் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1985 முதல் 2018 வரை அரசுப் பள்ளிகளில் கணித ஆசிரியையாக இருந்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. எம்.எட். படிப்பில் உளவியல் ஒரு பாடம். அந்த ஆர்வத்தில் இன்றும் படித்துவருகிறேன். ஆனால் நான் மனநல மருத்துவர் அல்ல. முன்னாள் மாணவர் சந்திப்புகளுக்கு இதுவரை 31 முறை என்னை அழைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். என் பார்வையில் ஒரு பெரிய குறை உண்டு. என்னை உட்காரவைப்பது மேடையில். பொன்னாடை போர்த்துவார்கள், காலில் விழுவார்கள், என் கண்ணெதிரே எல்லோரும் நல்ல பிள்ளைகளாகவே நடந்துகொள்வார்கள். அதைவிட, நான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வந்தவர்கள். வராதவர்களில் என்னைத் தேடிவந்து பேசிய ஏழெட்டுப் பேரை வைத்துத்தான் அந்தப் பக்கத்தை நான் அறிவேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த நாள் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாத இடத்தைப் பற்றித்தான் கற்பனை அதிகம் ஓடும். காலை ஒன்பதரைக்கு வாயிலில் ஒரே நிற டி-ஷர்ட்டோடு கூடுவார்கள். தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். வழிபாட்டுக் கூட்டம் போல வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவார்கள். இறந்துபோன வகுப்புத் தோழர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அந்தப் பட்டியலின் நீளம் யாரையும் உலுக்கிவிடும். பிறகு பழைய வகுப்பறையில் பெஞ்சில் உட்காரவைத்து வருகைப் பதிவேட்டைப் படிப்பார்கள். "உள்ளேன் டீச்சர்" என்று நரைத்த தலைகள் எழுந்து சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே மருத்துவரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. அகர வரிசைப்படி எண்கள்தான். அடுத்து ஆசிரியர்களுக்கு மரியாதை, பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியோ மின்விசிறிகளோ நன்கொடை, மதியம் பிரியாணி அல்லது வாழையிலைச் சாப்பாடு, குழுப்படம். மூன்று மணிக்கெல்லாம் பெண்கள் கிளம்பத் தொடங்குவார்கள். மாலையில் ஆண்களில் ஒரு பகுதியினர் தனியாக எங்காவது அறை எடுத்துக் குடிக்கப் போவதும் உண்டு. என்னிடம் மறைப்பார்கள், எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில், காலை பதினோரு மணி அளவில், சுய அறிமுகம் என்று ஒன்று வரும். உங்களைப் போன்றவர்களை வதைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். ஒலிவாங்கி கைமாறிக்கொண்டே வரும். பெயர், வேலை, ஊர், மனைவி அல்லது கணவர் என்ன செய்கிறார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். முதலில் பேசுபவர் பெரும்பாலும் நன்றாக வாழ்கிறவர். ஆறேழு நிமிடம் பேசுவார். அளவுகோல் அங்கேயே நட்டாகிவிடும். அதற்குப் பின்னால் வருபவர்களின் பேச்சில் 'சும்மா', 'ஏதோ' என்ற இரண்டு சொற்கள் நுழைவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். "சும்மா ஒரு சின்னக் கடை", "ஏதோ ஓடுகிறது". 2014இல் ஒரு சந்திப்பில், பால் நிலையம் வைத்திருந்த ஒருவர், ஒலிவாங்கி தனக்கு இரண்டு வரிசை முன்னால் வந்தபோது கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அவர் இடத்தைத் தாண்டிப்போன பிறகுதான் திரும்பி வந்தார். அழைப்பு எதுவும் வரவில்லை. மேடையிலிருந்து பார்த்த எனக்கு அது தெரிந்தது. எட்டாம் வகுப்பில் மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றிலிருந்து அழைக்க வருபவர்களிடம் ஒரு நிபந்தனை வைக்கிறேன். அறிமுகத்தில் வேலையைச் சொல்லக் கூடாது. பெயர், எந்த பெஞ்சில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், பள்ளியில் மறக்காத ஒரு சம்பவம். இந்த மூன்றும் போதும். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எதிர்ப்பு வந்ததெல்லாம் நல்ல பதவியில் இருந்தவர்களிடமிருந்துதான், "அப்படியானால் ஒருவரையொருவர் எப்படித் தெரிந்துகொள்வது டீச்சர்?" என்று ஒருவர் உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டார். இப்படி நடந்த இடங்களில் கூட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. ஆட்டோ ஓட்டும் ஒருவர் எழுந்து, மழையில் எட்டாம் வகுப்பின் ஓடு சரிந்து விழுந்த மதியத்தைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் இன்னொருவர் எழுந்து தொடர்ந்தார். பிறகு ஒரு பெண். கடைசியில் முப்பது பேர் சேர்ந்து அந்தக் கதையைச் சொல்லி முடித்தார்கள். யாருக்கு என்ன வேலை என்பது சாப்பாட்டுப் பந்தியில் தானாகவே வெளிவந்தது. உங்கள் சந்திப்பில் இதை யாரும் ஏற்பாடு செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யலாம். உங்கள் கைக்கு வரும்போது பெஞ்சையும் சம்பவத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, "மற்றதைச் சாப்பிடும்போது பேசலாம்" என்று கொடுத்துவிடுங்கள். பின்னால் இருப்பவர்களில் பலர் அதையே பின்பற்றுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எடை போடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். போடுவார்கள், சிலர் கட்டாயம் போடுவார்கள். இல்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு கூர்மையாக என்பதில்தான் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு படம் போட்ட டி-ஷர்ட்டை அணிவித்து, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவரைக் கேட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். நம்மேல் விழுவதாக நாம் நினைக்கும் வெளிச்சத்தில் பாதி நம் மனத்திலிருந்து வருவது. பள்ளிச் சந்திப்புகளில் இது இன்னும் பொருந்தும் என்பது என் அனுபவம். அங்கே ஒவ்வொருவரும் தன் வழுக்கையையும் தொப்பையையும் எண்ணியே வந்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் தன் மகன் தமிழில் ஒரு வாக்கியம் பேசமாட்டான் என்ற கவலை. மருத்துவருக்குத் தன் விவாகரத்தை யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கவலை. இவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் என்னிடம் சொல்வார்கள். ஆகவே உங்கள் பட்டறையை நினைத்து மட்டும் நீங்கள் போகாமல் இருப்பதாக இருந்தால், போங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

'தட்டு' விஷயம் அப்படி எளிதானது அல்ல. சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் தொடங்கி, 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் புத்தகப்பையில் தட்டு வைத்திருந்தார்கள். படிக்கட்டில் ஓடும்போது புத்தகங்களுக்கு நடுவே அது கடகடவென்று ஒலிக்கும். சில பிள்ளைகள் சத்தம் கேட்காமல் இருக்கத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். எதற்காகச் சுற்றினார்கள் என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு இரண்டு நாளாக அந்தத் துணிச்சுற்றுதான் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைப் பருவத்துக் கேலி காலப்போக்கில் கரைந்துவிடும் என்று நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் பொதுவாக நம்பினோம். அது சரியல்ல என்று இன்று தெளிவாகத் தெரியும். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் 7,771 பேரின் தரவுகளை வைத்து லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் மற்ற பிள்ளைகளால் அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம், மனச்சோர்வும் பதற்றமும் நடுத்தர வயதிலும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால், "இன்னுமா அதை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு இது பதில். நீங்கள் இன்னும் நினைப்பது உங்கள் பலவீனம் அல்ல.

அவர்கள் ஏன் இன்னும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்? இங்கே நிச்சயமும் ஊகமும் கலக்கின்றன, பிரித்துச் சொல்கிறேன். பாரிக் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் படிப்பை முடித்த 392 பேரிடம் பழைய வகுப்புத் தோழர்களின் படங்களைக் காட்டினார்கள். முப்பது ஆண்டுகளைத் தாண்டியவர்களும் பத்தில் ஒன்பது முகங்களைச் சரியாக அடையாளம் கண்டார்கள். பெயர்களைத் தாங்களாகவே நினைவிலிருந்து எடுக்கச் சொன்னபோது மிகவும் தடுமாறினார்கள். முகம் நிற்கிறது, பெயர் நழுவுகிறது, இது உறுதி. இனி என் ஊகம். நழுவிய பெயரின் இடத்தில் கைக்குச் சட்டென்று கிடைக்கும் பிடி பட்டப்பெயர்தான். அதைச் சொல்பவர் பலமுறை, "உன்னை நான் மறக்கவில்லை" என்பதையே அப்படிச் சொல்கிறார். அந்தச் சொல் உங்கள் பக்கம் எங்கே குத்துகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் இப்படி வெள்ளை மனத்தோடு சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். தெரிந்தே, சிரிப்புக்காகச் சொல்பவர்களும் இருப்பார்கள். உங்கள் அமைப்பாளர் இவர்களில் யார் என்பதை நானோ நீங்களோ இங்கிருந்து தீர்மானிக்க முடியாது.

புண்படுத்தியவருக்கு நினைவே இருக்காது என்பதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. புண்படுத்தியவர்களில் நானும் ஒருத்தி. 1991இல் நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க, "ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்பேன். வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருந்ததில்லை. 2016இல் அந்த ஆண்டு மாணவர்கள் கூடியபோது, செவிலியராக இருக்கும் ஒரு பெண் கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பார்த்து நின்றார். "டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வீர்கள். வகுப்பே திரும்பிப் பார்க்கும். இதை உங்களிடம் சொல்வதற்காகவே வந்தேன்" என்றார். எனக்கு அப்படி ஒரு காட்சியே நினைவில் இல்லை. அந்தத் தெரு எது என்று மட்டும் உடனே புரிந்தது. யார் யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான்தான் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், "சொல்லிவிட்டேன், போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுப் பணி மீதம் இருந்தது. அந்த இரண்டு ஆண்டும் எங்கள் பள்ளியில் உதவித்தொகைப் பட்டியல் எந்த வகுப்பிலும் வாசிக்கப்படவில்லை.

அவருக்கு அதனால் பாரம் குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஆகவே சந்திப்புக்குப் போனால் காயம் ஆறும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆறியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாயிலிலேயே பழைய பெயரைக் கேட்டு, நுழைந்த வேகத்தில் திரும்பிப்போன ஒருவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே நான் கண்ட வேறுபாடு ஒன்றுதான்: நல்லபடியாக முடிந்தவர்கள் பெரும்பாலும் அந்த நாளுக்கு முன்பே யாரிடமாவது பேசி வைத்திருந்தார்கள்.

நீங்களும் அதைச் செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல வருவதில் முக்கியமானது. அமைப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். குழுவில் எழுதாதீர்கள், அறுபது பேர் பார்க்கும் இடத்தில் யாராக இருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ளவே பேசுவார்கள், சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழும், உங்கள் சொல் அதில் மூழ்கிவிடும். நேராகச் சொல்லுங்கள்: "வர விருப்பம் இருக்கிறது. ஆனால் தட்டு என்று கூப்பிடுவது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. மற்றவர்களிடமும் நீயே சொல்லிவிடு." இவ்வளவுதான். காரணம் விளக்க வேண்டாம், பழையதைக் கிளறவும் வேண்டாம். அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே உங்கள் முடிவு பெரும்பாலும் வந்துவிடும். "ஐயோ, எனக்குத் தெரியாமல் போய்விட்டதே" என்று பதறினால், அந்த மனிதரோடு ஒரு நாள் கழிக்கலாம். "இதற்கெல்லாமா கோபித்துக்கொள்வாய்?" என்று சிரித்தால், அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. அந்த அழைப்பு கடினமானது என்று எனக்குத் தெரியும். மே மாதத்தில் நூறு பேர் நடுவில் நின்று அதைச் சமாளிப்பதைவிட இப்போது வீட்டிலிருந்து பேசுவது எளிது.

3,000 ரூபாய் பற்றி. இது கூச்சப்பட வேண்டிய இடமே இல்லை என்றாலும், நம் ஊரில் அதிகம் பேர் வராமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று குழுவில் பட்டியல் போடும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. எனக்கு அறவே பிடிக்காத வழக்கம். பணம் அதிகமாகப் பட்டால் பொருளாளராக இருப்பவரிடம் தனியாக, "சாப்பாட்டுக்கு உரியதைத் தந்துவிடுகிறேன், டி-ஷர்ட்டும் நினைவுப் பரிசும் வேண்டாம்" என்று சொல்லலாம். நான் பார்த்த சந்திப்புகளில் இப்படிக் கேட்ட யாரையும் மறுத்ததில்லை. கொடுக்க முடியாதவர்களுக்காக இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் சேர்த்துக் கட்டியதும் உண்டு. பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், சந்திப்பையும் அதையும் முடிச்சுப் போடவே வேண்டாம். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாக யாரும் நேராகவே அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம். ஒரு லேத் தொழிலாளி ஒரு நாள் வந்து பெஞ்சுகளின் கழன்ற கால்களையும் கதவுத் தாழ்களையும் சரிசெய்து கொடுத்தால், தலைமையாசிரியையாக இருந்த நான் அதை எந்தப் பெரிய நன்கொடைக்கும் கீழாக வைக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்காக ஒரு பத்தி. கேட்டவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் 1976இல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் வகுப்பில் 38 பேர், பெண்கள் 11. ஆண்கள் இரண்டு முறை கூடினார்கள். எங்களில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை. "உங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கினோம்" என்று பிறகு சொன்னார்கள். என் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை என்னைக் கேட்டிருக்கலாம். மூன்றாம் முறை அழைத்தார்கள். எங்களில் நான்கு பேர் போனோம். மற்றவர்களில் இருவர் காலமாகிவிட்டிருந்தார்கள். ஐந்து பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, ஏனென்றால் திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறி, ஊர் மாறி, கைப்பேசி எண்ணும் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தது. போகலாமா என்று தயங்குவதற்குக்கூட முதலில் அழைப்பு வர வேண்டும். சந்திப்பு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், பெண்களைத் தேடும் பொறுப்பை இரண்டு பெண்களிடம் கொடுங்கள். அவர்களுக்கு வழி தெரியும்.

போனபின் வருவதையும் சொல்ல வேண்டும். சந்திப்பு முடிந்த மூன்றாம் மாதத்தில், காப்பீடு, வீட்டுமனை, சீட்டு, ஆள்சேர்ப்பு வியாபாரம் என்று அழைப்புகள் வரத் தொடங்கும். கடன் கேட்பவர்களும் இருப்பார்கள். உண்மையான கஷ்டத்தில் கேட்பவர்களும் அதில் உண்டு. பழைய நட்பின் பெயரில் எதிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள் என்பதற்கு மேல் இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி, போகாமல் இருப்பது. என்னிடம் பின்னர் வந்து பேசிய அந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் வருந்தினார்கள். இருவருமே அடுத்த சந்திப்புக்குள் ஒரு நெருங்கிய நண்பரை இழந்தவர்கள். மற்றவர்கள் வருந்தவில்லை. ஒருவர், "அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு புரளும் டீச்சர், உங்களை வீட்டில் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலன்று வருகிறார். அவரை ஒருநாளும் கட்டாயப்படுத்தமாட்டேன். பொறாமை என்பார்களே என்று கேட்டிருந்தீர்கள். வராதவர்களைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை 31 முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "அவன் வரவில்லையா? எங்கே இருக்கிறான்?" என்பார்கள், யாராவது ஒரு ஊர் பெயரைச் சொல்வார்கள், அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பொறாமை என்ற சொல்லை நான் கேட்டதில்லை. மேடைக்கு எட்டாத பேச்சும் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. போகவில்லை என்று முடிவெடுத்தால், "அன்று வர இயலவில்லை, எல்லோருக்கும் என் அன்பு" என்று ஒரே வரி எழுதுங்கள். உடம்பு சரியில்லை, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று பொய்க்காரணம் வேண்டாம். அடுத்த முறை அதைக் காக்க இன்னொரு பொய் தேவைப்படும்.

போவதானால், உங்கள் சொந்தப் போக்குவரத்தில் போங்கள். பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரின் காரில் ஏறிவிட்டால், அவர் கிளம்பும்வரை நீங்கள் அங்கே கைதி. காலை வருகைப் பதிவேட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, குழுப்படம் எடுத்ததும் கிளம்புவது நல்ல அளவு என்பது என் கருத்து. கசப்புகள் பெரும்பாலும் மாலைக் கூட்டத்தில்தான் வருகின்றன.

கடைசியாக, உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காமல் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது. "சத்துணவு வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் ஒருவன் மட்டும் முட்டை போடும் நாளில் தன் பாதியை எனக்குக் கொடுப்பான், அவன் குழுவில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் நல்லவிதமாக வரும் ஒரே ஆள் அவர்தான். கனடாவின் லாரா அக்னினும் பிரிட்டனின் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொடர்பு விட்டுப்போன ஒரு நண்பருக்கு எழுதும்படி பலரைக் கேட்டுக்கொண்டார்கள். எழுத விருப்பம் இருந்தது, முகவரி இருந்தது, நேரமும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அப்படியும் மூன்றில் ஒரு பங்கினர்கூட எழுதி அனுப்பவில்லை. விட்டுப்போன நண்பர் முன்பின் தெரியாதவரைப் போல ஆகிவிடுவதால் வரும் தயக்கம் அது என்கிறார்கள். சந்திப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீங்கள் தேட வேண்டியவர் அவர். குழுவில் இல்லை என்பதால் ஒருவேளை உங்களைப் போலவே அவரும் தயங்கி விலகியிருக்கலாம், அல்லது அவரை யாரும் தேடவே இல்லாமல் இருக்கலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் தந்தை பெயரும் அன்றைய முகவரியும் இருக்கும். அதை யாருக்கும் எடுத்துத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் நல்ல தலைமையாசிரியர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னால், அந்தத் தெருவிலிருந்து இன்று படிக்க வரும் ஒரு பிள்ளையின் வீட்டார் மூலம் உங்கள் கைப்பேசி எண் அவருக்குப் போய்ச் சேரும்படி செய்வார். நான் அப்படி நான்கு முறை செய்திருக்கிறேன். மேக்கு இன்னும் நாள் இருக்கிறது; அவர் கிடைத்துவிட்டால், போவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள்.